ஸ்டியரிங் பேய் புடிச்ச மாதிரி ஆடுதா? டயர் கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுங்க

நல்லா போயிட்டு இருக்கும் வண்டி. 80 கிலோமீட்டர் ஸ்பீடு, ரோடு காலி, ஒத்தக் கை ஸ்டியரிங்ல. பாலத்து மேல ஜாயின்ட் இடுக்கு ஒண்ணு வரும்ல, அதுல முன் டயர் டப்புனு விழுந்து ஏறும், அவ்ளோதான், அடுத்த செகண்டு ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கிட்டுப் போற மாதிரி இடமும் வலமும் அடிக்க ஆரம்பிச்சிடும். டேஷ்போர்டு ஆடும், கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி நாலா தெரியும், பானெட்டுக்கு அடியில யாரோ சம்மட்டி போடுற மாதிரி சத்தம். ஸ்பீடு பாதிக்கு மேல குறையற வரைக்கும் நிக்காது. அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி வண்டி சாதுவா ஓடும். இதுக்குத்தான் டெத் வாபுள்னு பேர் வச்சிருக்காங்க. பேர் கொஞ்சம் ஓவர்னு தோணும், ஆனா ஒரு தடவ மாட்டினவங்க யாரும் பேரை மாத்தச் சொன்னதில்ல.

எனக்கு முதல் தடவ வந்தப்போ எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், நேரா டயர் கடைக்குப் போய் பேலன்சிங் போட்டேன். சரியாயிடுச்சு. ஒன்றரை மாசம் கழிச்சு திரும்ப வந்துச்சு. ஒரு மெக்கானிக், ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கற சின்ன ஷாக் அப்சார்பர், அதான் ஸ்டியரிங் டேம்பர், போயிடுச்சுன்னு சொன்னார், புதுசு போட்டாச்சு, சரியாயிடுச்சு, மூணு மாசத்துல திரும்ப வந்துச்சு. ரெண்டு தடவையும் நான் சரி பண்ணது நோயை இல்ல. இந்தப் பிரச்சனையில தூண்டி விடுறது ஒண்ணு, இடம் கொடுக்கறது இன்னொண்ணு. பேலன்ஸ் இல்லாத டயர், ரோட்டுப் பள்ளம், காத்து மாறிப் போன டயர், இதெல்லாம் தூண்டி விடுற வேலை. இடம் கொடுக்கறது எங்கயோ ஒரு ஜாயின்ட்ல இருக்கற ஒரு ரெண்டு மில்லிமீட்டர் ஆட்டம். தூண்டுறதை மட்டும் தொடச்சு விட்டா கொஞ்ச நாள் அமைதியா இருக்கும், இடம் அப்படியேதான் கிடக்கும், புதுசா ஒரு தூண்டுதல் வர்ற வரைக்கும்.

சரி, இது எல்லா வண்டியிலயும் ஏன் வர்றதில்ல? அதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி டயக்னோசிஸ் முடிஞ்ச மாதிரி.

முன்னாடி ரெண்டு வீலையும் ஒரே இரும்புக் கட்டையா சேர்த்து வச்சிருக்கற வண்டிகள்லதான் இது முழு உக்கிரமா வரும். அதாவது சாலிட் ஆக்சில். ஃபோர்டு எஃப்-250, எஃப்-350, ராம் 2500, 3500 ஃபோர் வீல் டிரைவ், ஜீப் ராங்ளர், அதோட பிக்கப் அண்ணன் கிளாடியேட்டர், சின்ன சைஸ்ல சுசுகி ஜிம்னி, எல்லாம் இந்த ஜாதி. ஆக்சில் மேல காயில் ஸ்பிரிங் உக்காந்திருக்கும், ஆக்சில் பக்கவாட்டுல நகராம இருக்க ஒரு முனை சேசிஸ்லயும் இன்னொரு முனை ஆக்சில்லயும் மாட்டின ஒரே ஒரு நீளக் கம்பி, அதுதான் டிராக் பார், சிலர் பான்ஹார்டு ராடுன்னு சொல்வாங்க. லீஃப் ஸ்பிரிங் வண்டியில பட்டையே ஆக்சிலைப் பிடிச்சு வச்சுக்கும். காயில் ஸ்பிரிங்குக்கு அந்த வேலை தெரியாது, மேலயும் கீழயும் தாங்க மட்டும்தான் தெரியும். ஆக பக்கவாட்டுப் பொறுப்பு மொத்தமும் இந்த ஒத்தக் கம்பி மேல.

இப்போ கவனிங்க. ஸ்டியரிங் பாக்ஸ் இருக்கறது சேசிஸ்ல. அதுலேர்ந்து டிராக் லிங்க்னு இன்னொரு கம்பி கீழ இறங்கி வீலோட நக்கிள்ல, அதாவது வீலைத் தாங்கித் திருப்புற இரும்புத் துண்டுல, மாட்டியிருக்கும், நக்கிள் இருக்கறது ஆக்சில்ல. நீங்க ஸ்டியரிங்கை அசைக்காம நேரா பிடிச்சிருக்கீங்கன்னு வைங்க. டிராக் பார் முனையில இருக்கற ரப்பர் புஷ் தேஞ்சு போய் ஆக்சில் பக்கவாட்டுல 2 மில்லிமீட்டர் நகருது. டிராக் லிங்க் நகராது, அதோட மேல் முனையை சேசிஸ் பிடிச்சிருக்கு. ஆக்சில் நகருது, லிங்க் நிக்குது, அப்போ என்ன ஆகும், வீல் திரும்பும். நக்கிள்ல அந்த ஆர்ம் ஒரு 17 சென்டிமீட்டர் நீளம்னு வச்சா 2 மில்லிமீட்டர் ஆட்டம் முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் கம்மியா வீலைத் திருப்பிடும். கேக்க சின்னதா இருக்கும், ஆனா நீங்க அலைன்மென்ட் மெஷின்ல டோ-இன், அதாவது முன் வீல் ரெண்டும் உள்பக்கமா பாக்கற கோணம், செட் பண்றதே கால் டிகிரி கணக்குல. அதுவும் இது ஒரு பக்கமா திரும்பி நிக்கறதில்ல, போய் வந்து போய் வந்து ஆடுது.

அடுத்த விஷயம் சுத்துற சக்கரத்தோட குணம். வேகமா சுத்திட்டு இருக்கற சைக்கிள் வீலை ரெண்டு கையால அச்சுல பிடிச்சு லேசா சாய்ச்சுப் பாத்திருந்தீங்கன்னா தெரியும், நீங்க சாய்ச்சது ஒரு பக்கம், அது திரும்புறது வேற பக்கம். கைரோ எஃபெக்ட். சாலிட் ஆக்சில்ல ஒரு வீல் மேட்டுல ஏறினா ரெண்டு வீலும் சேர்ந்து சாயுது, சாஞ்சதும் ரெண்டும் சேர்ந்து திரும்பப் பாக்குது, திரும்பினதும் டயர் பக்கவாட்டுல இழுக்குது, அந்த இழுப்பு ஆக்சிலை மறுபடி சாய்க்குது. இப்படி ஒண்ணுக்கு ஒண்ணு கை கொடுத்து ஊஞ்சல் ஆட்டம். அதுக்கு மேல, டயரோட பக்கவாட்டு பிடிமானம் வீலைத் திருப்பின உடனே வந்துடாது, டயர் கொஞ்ச தூரம் உருண்டாதான் முழுசா வரும். இந்தத் தாமதம்தான் வில்லன். ஊஞ்சல் திரும்பி வர்ற நேரத்துல பின்னாடிலேர்ந்து தள்ளி விட்டா என்ன ஆகும், அதே கதை. தள்ளுறதுக்கான சக்தி வண்டியோட ஓட்டத்துலேர்ந்தே வருது. அதனாலதான் ஸ்பீடு இருக்கற வரைக்கும் ஆட்டம் தானா அடங்காது. டிராலி தள்ளும்போது முன்னாடி ஒரு சின்ன சக்கரம் மட்டும் படபடன்னு அடிக்கும் பாருங்க, அதோட பெரிய அண்ணன்தான் இது.

ஏன் அந்த 70, 80, 90 ஸ்பீடுலயே வருதுன்னு கேட்டா, கணக்கு போட்டுப் பாக்கலாம். 32 இஞ்ச் டயர் ஒரு சுத்துக்கு சுமார் 2.55 மீட்டர் போகும். 80-ல போனா செகண்டுக்கு 22 மீட்டர், அப்போ டயர் செகண்டுக்கு கிட்டத்தட்ட 9 தடவை சுத்துது. கனமான முன் ஆக்சில் டயர் ரப்பர் மேல துள்ளுற இயல்பான வேகமும் செகண்டுக்கு 10 பக்கத்துலதான் இருக்கும். டயர்ல ஒரு சின்ன கனம் ஏறுமாறா இருந்தா போதும், சரியா அந்தத் தாளத்துக்குத் தட்டிக் கொடுக்கும். பேலன்சிங் போட்டதும் சரியான மாதிரி தெரியறதுக்குக் காரணம் இதுதான், தாளம் போடுறவனை நிறுத்திட்டீங்க, ஆடுறவன் இன்னும் மேடையிலதான் நிக்கிறான்.

இன்னொரு கேள்வியும் இருக்கு. ஆட்டம் ஜாயின்ட்ல எப்பவுமே இருக்குன்னா ஏன் எப்பவாவது ஒரு தடவ மட்டும் வருது? நக்கிளை ஆக்சிலோட சேர்க்கற பால் ஜாயின்ட், ரெண்டு வீலையும் இணைக்கற டை ராட் கம்பியோட முனை, அதாவது டை ராட் எண்டு, இதுலல்லாம் ஒரு இறுக்கம், உராய்வு இருக்கும். சின்னச் சின்ன அதிர்வை அந்த உராய்வே முழுங்கிடும். ஒரு பெரிய அடி விழுந்து அந்த உராய்வைத் தாண்டிட்டா அப்புறம் ஊஞ்சல் தானா ஆடும். அதனாலதான் நீங்க வண்டியை மெக்கானிக் கிட்ட கொடுத்தா அவர் ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டு வந்து ஒண்ணுமே இல்லையே சார்னு சொல்வார். அவர் பொய் சொல்லல, அந்த அடி அவருக்கு விழல. ஜாயின்ட் எல்லாம் தேய தேய உராய்வும் குறையும், ஆட்டமும் கூடும், முன்னாடி பெரிய பள்ளத்துக்கு மட்டும் வந்தது அப்புறம் ரோட்டுல ஒட்டு போட்ட இடத்துக்கே வர ஆரம்பிக்கும்.

இது இன்னைக்கு நேத்து பிரச்சனை இல்ல. 1920-கள்ல பெரும்பாலான கார்களுக்கு முன்னாடி கட்டை ஆக்சில்தான், அப்போ காத்து கம்மியா பிடிக்கற பலூன் டயரும் முன் வீல் பிரேக்கும் வந்த கையோட ஷிம்மின்னு இந்த ஆட்டம் பெரிய தலைவலியா ஆச்சு. ரோல்ஸ் ராய்ஸ்லேர்ந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஆலி மாதிரி இன்ஜினியர்கள் இதோட மல்லுக்கட்டினாங்க, 1934 மாடல்ல அந்தக் கம்பெனி கார்கள்ல முன்னாடி இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் வந்ததுக்கு இந்த ஷிம்மியும் ஒரு காரணம். ரெண்டு வீலையும் தனித்தனியா பிரிச்சா ஒண்ணு ஏறினதும் இன்னொண்ணு சாயற கதையே இல்ல. கனம் இழுக்கவும் மேடு பள்ளத்துல உருளவும் கட்டை ஆக்சில் நல்ல உழைப்பாளிங்கறதால பெரிய பிக்கப்புகள்ல சிலது அதை விடல, அதோட இந்தப் பழைய வியாதியும் ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் ஹெவி டியூட்டி பிக்கப்புல டார்ஷன் பார் வச்ச இண்டிபெண்டன்ட் செட்டப், அதனால அந்த வண்டிக்காரங்க இந்தப் புலம்பலைப் பெருசா புலம்ப மாட்டாங்க. அவங்களுக்கு ஆட்டம் வந்தா ஐட்லர் ஆர்ம், ஸ்டியரிங் பாக்ஸ்லேர்ந்து வெளிய வர்ற பிட்மேன் ஆர்ம், டை ராட், கீழ் பால் ஜாயின்ட்னு தேடணும், அது வேற ரூட்டு.

கம்பெனிகளும் இதுல மாட்டிருக்காங்க. 2005-லேர்ந்து 2019 வரைக்குமான எஃப்-250, எஃப்-350 டிரக்குகள் பத்தி அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல 2019-ல வண்டிக்காரங்க எல்லாருக்குமா சேர்த்து கிளாஸ் ஆக்‌ஷன் வழக்கே போட்டாங்க. அதே வருஷம் ராங்ளருக்கு ஜீப் கம்பெனி புது டிசைன் ஸ்டியரிங் டேம்பர் மாட்டிக் கொடுத்துச்சு. அதைப் பாத்துட்டு டேம்பர்தான் மருந்துன்னு நிறைய பேர் முடிவு பண்ணிட்டாங்க, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல உங்க வண்டிக்கு வந்திருக்கறது இதுதானான்னு பாருங்க. ஸ்டியரிங் லேசா கிறுகிறுன்னு நடுங்குது, ஒரு குறிப்பிட்ட ஸ்பீடுல எப்பவும் இருக்கு, அதைத் தாண்டினா குறையுதுன்னா அது வெறும் பேலன்ஸ், இல்ல டயர் உள்ள பெல்ட் வீங்கி வட்டம் கெட்டுப் போனது, இல்ல ரிம் வளைஞ்சது. முன் டயரையும் பின் டயரையும் மாத்திப் போட்டுப் பாருங்க, நடுக்கம் ஸ்டியரிங்லேர்ந்து சீட்டுக்கு இடம் மாறினா திருடன் டயர்தான். பிரேக் பிடிச்சா மட்டும் நடுங்குதுன்னா டிஸ்க். ஆட்டம் இல்ல, ஆனா வண்டி ரோட்டுல அங்கயும் இங்கயும் அலையுது, சும்மா சும்மா திருத்திக்கிட்டே இருக்கணும்னா ஸ்டியரிங் பாக்ஸ், டோ, டயர் காத்து இப்படிப் போகலாம். ஒரு அடி விழுந்து, சட்டுனு முழு வெறியோட ஆரம்பிச்சு, ஸ்பீடைக் குறைச்சாதான் விட்டதுன்னா இதுதான் நம்ம ஆளு.

ஓடும்போது வந்துட்டா பதறி பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க, கனம் மொத்தம் முன்னாடி வந்து விழுந்தா ஆட்டம் இன்னும் மோசமாகலாம். ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுங்க, ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் உறுதியா பிடிங்க, கட்டை விரலை மட்டும் ஸ்போக்குக்கு உள்ள விடாதீங்க, உடைஞ்சிடும். மெதுவா பிரேக் கொடுத்து ஓரம் கட்டுங்க. ஆட்டத்தோடயே எதிர்த்து சண்டை போட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினா நீங்களும் ஊஞ்சலைத் தள்ளுற ஆளாயிடுவீங்க.

இப்போ உண்மையான வேலை. இதுக்கு மெஷின் எதுவும் வேணாம், ஒரு ஆள் துணைக்கு வேணும். நிறைய பேர் பண்ற தப்பு, வண்டியை லிஃப்ட்ல தூக்கிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டா கையால ஆட்டிப் பாக்கறது. வீல் அந்தரத்துல தொங்கும்போது டிராக் பார் மேல சுமையே இருக்காது, தேஞ்ச புஷ் கூட கல்லு மாதிரி தெரியும். வண்டி நாலு வீல்லயும் தரையில நிக்கணும். ஹேண்ட் பிரேக் போடுங்க, பின் டயருக்கு ரெண்டு பக்கமும் கட்டை முட்டுக் கொடுங்க, கியர் பார்க்லயோ நியூட்ரல்லயோ இருக்கட்டும். இன்ஜினை ஆன் பண்ணுங்க, பவர் ஸ்டியரிங் வேலை செஞ்சாதான் ஜாயின்ட்டுக்கு உண்மையான பலம் போகும். துணை ஆள் ஸ்டியரிங்கைக் கடிகாரத்துல 10 மணிலேர்ந்து 2 மணி வரைக்கும் சடக் சடக்னு இடம் வலமா திருப்பிக்கிட்டே இருக்கணும், முழுசா திருப்ப வேணாம். நீங்க அடியில படுங்க, பெல்ட், ஃபேன், சைலன்சர் பக்கம் கை போகாம பாத்துக்கோங்க.

டிராக் பார்லேர்ந்து ஆரம்பிங்க. சேசிஸ் பக்க முனையில கையை வைங்க, பாதி விரல் பார் மேல, பாதி விரல் பிராக்கெட் மேல இருக்கற மாதிரி. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கூட விரலுக்குக் கிளிக்னு தெரியும். பார் நகர்ந்து பிராக்கெட் நகராம இருந்தா, இல்ல போல்ட் தலை பிராக்கெட்டுக்குள்ள அசைஞ்சா, இதுதான் இடம். அடுத்து ஆக்சில் பக்க முனை. சில டிரக்ல ஒரு முனையில ரப்பர் புஷ்ஷும் இன்னொரு முனையில பால் ஜாயின்ட்டும் இருக்கும், ரெண்டுக்கும் தேயற விதம் வேற. ரப்பர் லேசா முறுக்கிக் கொடுக்கறது தப்பில்ல, அது வேலையே அதுதான், உள்ள இருக்கற இரும்புக் குழாய் பிராக்கெட்டோட சேர்ந்து நகருதா தனியா நகருதான்னு பாருங்க. கண்ணுல பிடிபடலேன்னா போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்க, நான் தேடித் தேடிக் கிடைக்காத ஆட்டம் எனக்கு அப்படித்தான் கிடைச்சுது.

போல்ட் ஓட்டையைத் தனியா சொல்லணும். யாரோ எப்பவோ டிராக் பார் போல்ட்டைக் கழட்டி சும்மா ஸ்பேனர்ல இறுக்கி விட்டிருப்பாங்க. டார்க், அதாவது இறுக்கற பலம், பத்தலேன்னா பிராக்கெட் ரெண்டு காதும் அந்த உள் குழாயைக் கவ்விப் பிடிக்காது, சுமை போல்ட் தண்டு மேல விழும், தண்டு ஓட்டையை அரைச்சு அரைச்சு முட்டை வடிவமா ஆக்கிடும். அதுக்கப்புறம் புது டிராக் பார் போட்டாலும் ஒரு மாசம்தான். ஜேகே மாடல் ராங்ளர்ல 14 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஓட்டை கொஞ்சம் லூசா இருக்குன்னு 9/16 இஞ்ச் போல்ட்டுக்கு, அதாவது 14.3 மில்லிமீட்டருக்கு, ஓட்டையை அளவா பெருசாக்கி மாட்டுறது வழக்கமான வைத்தியம். ஓட்டை ரொம்பக் கெட்டிருந்தா வாஷர் மாதிரி தகடு வெல்டு பண்ணணும், இல்ல பிராக்கெட்டையே மாத்தணும். அப்படியே பிராக்கெட் சேசிஸோட சேர்ற இடத்துல வெல்டு விரிசல் இருக்கான்னும் டார்ச் அடிச்சுப் பாருங்க, பெயின்ட் மேல துரு கோடு மாதிரி ஓடியிருந்தா சந்தேகப்படுங்க. 2018-ல புது ராங்ளர்ல அந்த வெல்டுக்காகவே ரீகால் வந்துச்சு, புது வண்டின்னு கூட நம்ப முடியாது.

டிராக் பார் சுத்தம்னா அதே ஆட்டத்தை வச்சே டை ராட் எண்டு, டிராக் லிங்க் ரெண்டு முனை, பிட்மேன் ஆர்ம், ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸ்ல மாட்டின போல்ட்டு எல்லாம் ஒவ்வொண்ணா தொட்டுப் பாருங்க. டை ராட் எண்டு மேலயும் கீழயும் லேசா உருளுறது வேற, பக்கவாட்டுல ஆடுறது வேற, ரெண்டாவதுதான் தப்பு. ஸ்டியரிங் பாக்ஸ்ல உள்ள போற ராடு சுத்தின பிறகும் வெளிய வர்ற ஷாஃப்ட் தாமதமா நகர்ந்தா பாக்ஸ்ல தேய்மானம். மேல ஒரு அட்ஜஸ்ட் ஸ்குரூ இருக்கும், அதை இறுக்கினா சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க, அளவு தெரியாம இறுக்கினா ஸ்டியரிங் நடுவுல பிடிச்சுக்கும், திருப்பினது தானா திரும்பி வராது, அது இன்னொரு ஆபத்து. தெரியலேன்னா தொடாதீங்க.

இதுக்கு அப்புறம்தான் ஜாக்கி. ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி கொடுத்து ஸ்டாண்டு வச்சு டயர் தரையை விட்டுக் கொஞ்சம் தூக்கற மாதிரி பண்ணுங்க. டயரை 12 மணி 6 மணி இடத்துல பிடிச்சு உள்ளயும் வெளியயும் ஆட்டுங்க, டயருக்கு அடியில ஒரு நீளக் கம்பி கொடுத்து நெம்பியும் பாருங்க. ஆடினா பால் ஜாயின்ட், இல்ல ஹப் பேரிங். எதுன்னு பிரிக்க இன்னொருத்தர் நக்கிளைப் பாக்கட்டும், நக்கிளும் சேர்ந்து ஆடினா பால் ஜாயின்ட், நக்கிள் சும்மா இருந்து ஹப் மட்டும் ஆடினா பேரிங். 3 மணி 9 மணி ஆட்டம் டை ராட் பக்கம் கை காட்டும். ஆக்சிலை முன்னும் பின்னும் நகராம பிடிக்கற கண்ட்ரோல் ஆர்மோட புஷ்ஷையும் நெம்பிப் பாருங்க, அது கிழிஞ்சிருந்தா ஆக்சில் முன்னும் பின்னும் உருண்டு காஸ்டர் ஓட்டத்துலயே மாறும்.

காஸ்டர்னு சொன்னதும் வண்டியை உயரமாக்கற லிஃப்ட் கிட் போட்டவங்க காதைத் தீட்டிக்கோங்க. காஸ்டர்ங்கறது வீல் திரும்புற அச்சு பின்னாடி சாஞ்சிருக்கற கோணம், சைக்கிள் ஃபோர்க் சாஞ்சிருக்குமே அந்த மாதிரி. ஸ்டியரிங் தானா நேராகறது இதனாலதான். இந்த வகை டிரக்ல பொதுவா 3-லேர்ந்து 5 டிகிரி பக்கம் இருக்கும். ஸ்பிரிங்கை மட்டும் உயரமாக்கி கண்ட்ரோல் ஆர்மை அப்படியே விட்டா ஆக்சில் வளைவுல கீழ இறங்கி உருளும், காஸ்டர் குறையும், வண்டி ரோட்டைப் பிடிக்காம மிதக்கும். அதுக்காக காஸ்டரை இஷ்டத்துக்கு ஏத்தறதும் வேலைக்காகாது, அளவுக்கு மேல போனா அதுவே ஆட்டத்துக்குத் தீனி போடும். அப்புறம் டிராக் பாரும் டிராக் லிங்க்கும் முன்னாடிலேர்ந்து பாத்தா ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும். லிஃப்ட் பண்ணவங்க பிட்மேன் ஆர்மை மட்டும் கீழ இறக்கி டிராக் பாரை விட்டுட்டா ரெண்டும் வேற வேற வளைவுல ஆடும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி தானா திரும்பும். அதுக்கு மேல 37 இஞ்ச் டயரும் வெளிய தள்ளி நிக்கற ரிம்மும் மாட்டினா, அதே ஜாயின்ட்டை நீளமான நெம்புகோலால நெம்புற கதைதான். கம்பெனி டயர்ல மூடிக் கிடந்த ஆட்டம் பெரிய டயர்ல வெளிய வந்துடும், பழி டயர் மேல விழும்.

பழைய ராம்கள்ல, 2003-லேர்ந்து 2008 வரைக்கும், டிராக் லிங்க் போய் டை ராட்ல சேர்றதுக்குப் பதிலா ஒய் எழுத்து மாதிரி பிரியும். அதுல பாடி ஏறி இறங்கும்போது டோ-வே மாறும். பின்னாடி வந்த டி வடிவ லிங்க்கேஜை அந்த வண்டிகள்லயும் மாட்டலாம், பழசைத் தேய்மானத்துக்கு மாத்தற நேரம் வந்தா அதையே போடுறது புத்திசாலித்தனம்.

டேம்பர் விஷயத்துக்கு வர்றேன். ஸ்டியரிங் டேம்பர்ங்கறது படுக்க வச்ச ஒரு சின்ன ஷாக் அப்சார்பர். ஆட்டத்தோட சக்தியை அது உண்மையிலேயே முழுங்கும், ஏமாத்து வேலை இல்ல. எல்லா ஜாயின்ட்டும் கம்பெனி அளவுல இறுக்கமா இருந்தும் வண்டியோட இயல்புலயே ஆட்டம் வர்ற நிலை இருந்தா நல்ல டேம்பர் அந்த எல்லையைத் தள்ளி வைக்கும், கம்பெனிகள் கொடுத்தது அந்தக் கணக்குலதான். ஆனா டிராக் பார் லூசா இருக்கற வண்டியில டேம்பர் மாட்டறது பல் சொத்தைக்கு வலி மாத்திரை. வலி போகும், சொத்தை வளரும், டேம்பரும் தினம் அடி வாங்கி சீக்கிரம் சாகும், அது சாகற அன்னைக்கு ஆட்டம் முன்னாடியை விட பெருசா வரும். ரெண்டு டேம்பர் மாட்டற கிட் விக்கிறாங்க பாருங்க, அதை வாங்கற காசுல டிராக் பாரும் நாலு எண்டும் வாங்கிடலாம்னு நான் சொல்வேன். என் ஆசைக்கு ஒரு சோதனை கூட இருக்கு, தேய்மானம் எல்லாம் சரி பண்ண பிறகு டேம்பரைக் கழட்டிட்டு காலி ரோட்டுல மெதுவா ஸ்பீடு ஏத்திப் பாக்கறது. நான் பண்ணேன், ஆனா உங்களைப் பண்ணச் சொல்ல மாட்டேன்.

சரி பண்ற வரிசையும் முக்கியம். காசு செலவில்லாததுலேர்ந்து போங்க. டயர் காத்தை டிரைவர் கதவு ஸ்டிக்கர்ல உள்ள அளவுக்குக் கொண்டு வாங்க, டயர் ஓரத்துல எழுதியிருக்கற அதிகபட்ச அளவு இல்ல அது. ஹெவி டியூட்டி டயர்ல காலி வண்டிக்கு 80 பிஎஸ்ஐ அடிச்சு வச்சுட்டு ஏன் துள்ளுதுன்னு கேக்கறவங்க உண்டு. டயர் மேல கையை ஓட்டிப் பாருங்க, ரம்பம் மாதிரி ஏறி இறங்கி தேஞ்சிருந்தா அந்த டயர் புது ஜாயின்ட்டையும் சும்மா விடாது. எல்லா போல்ட்டையும் மேனுவல்ல உள்ள டார்க்குக்கு டார்க் ரெஞ்ச்ல இறுக்குங்க, வண்டிக்கு வண்டி இது பல மடங்கு மாறும், கைக்கணக்கு இங்க ஆகாது. ரப்பர் புஷ் இருக்கற போல்ட்டை வண்டி தரையில தன் சொந்த உயரத்துல நிக்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்கணும், தொங்கும்போது இறுக்கினா ரப்பர் முறுக்கின நிலையிலயே பூட்டிக்கும், சீக்கிரம் கிழியும். நிறைய வண்டிக்கு பிரச்சனை இந்த இறுக்குதலோடயே முடிஞ்சிடும், நம்ப மாட்டீங்க.

ஆட்டம் கிடைச்ச பாகத்தை மாத்துங்க, கிடைக்காததை மாத்தாதீங்க. மொத்த முன் பக்கத்தையும் ஒரே நாள்ல மாத்தினா வண்டி சரியாகலாம், ஆனா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது, அடுத்த தடவை வந்தா மறுபடி இருட்டுலதான் தேடுவீங்க. அப்புறம் அலைன்மென்ட், கடைசியா பேலன்சிங். அலைன்மென்ட்டை முன்னாடியே போட்டா லூசு ஜாயின்ட் மேல போட்ட கோலம் மாதிரி, கலைஞ்சுடும். ஷீட்டுல காஸ்டர் நம்பரைக் கேட்டு வாங்கிக்கோங்க, சில கடையில டோ மட்டும் செட் பண்ணிட்டு எல்லாம் பச்சைன்னு அனுப்பிடுவாங்க.

கடைசியா ஒண்ணு மறந்துடாதீங்க, ஒவ்வொரு தடவை ஆட்டம் வரும்போதும் அது தானே ஒரு சம்மட்டி. டிராக் பார்னால ஆரம்பிச்சது ரெண்டு மூணு தடவை ஆடினதுல பால் ஜாயின்ட்டையும் டேம்பரையும் சேர்த்துக் கெடுத்திருக்கும். அதனால முதல் குற்றவாளி கிடைச்சதும் தேடுறதை நிறுத்தாம மிச்சத்தையும் ஒரு சுத்து தொட்டுப் பாத்துடுங்க. எனக்கு டிராக் பார் ஓட்டையும், வலது பக்க கீழ் பால் ஜாயின்ட்டும் சேர்ந்துதான் போயிருந்துச்சு, முதல்ல எது போச்சுன்னு இன்னைக்கும் சண்டை போடலாம். எல்லாம் இறுக்கின பிறகு ஒவ்வொரு நட்டுலேர்ந்தும் பிராக்கெட் வரைக்கும் பெயின்ட் பேனால ஒரு கோடு இழுத்து வச்சேன். முதல் இருநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு அடியில படுத்துப் பாத்தேன், டிராக் பார் கோடு மட்டும் ஒரு மயிரிழை விலகியிருந்துச்சு. திரும்ப இறுக்கினேன். அதுக்கப்புறம் விலகல.